கல்யாண நாள் ரிவால்வர்

1

துப்பாக்கி விஷயம் மாயவரம் வரைக்கும் போய்விட்டது. போன வாரம் தங்கை போனில் கேட்கிறாள்: "ஏன்க்கா, அத்தான் உனக்குக் கல்யாண நாளுக்குத் துப்பாக்கி வாங்கிக் குடுத்தாராமே? உன்னைச் சுட்டுக்கச் சொன்னாரா, இல்ல அவரைச் சுடச் சொன்னாரா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பின்னால் அவள் வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தமும் கேட்டது. எல்லாம் சித்ராவின் வேலை. சித்ரா இங்கே அமெரிக்காவில், பேர்லேண்டில் எங்களுக்கு அடுத்த தெரு. இந்தக் கோடையில் ஊருக்குப் போனவள், தங்கை வீட்டில் உட்கார்ந்து காப்பியும் குடித்து என் கதையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவள் சொன்னால் கண் காது மூக்கு எல்லாம் வைத்துத்தான் சொல்லியிருப்பாள். அதற்கு நானே எழுதிவிடுவது மேல்.

நடந்தது தொண்ணூற்றேழில். என் கணவர் தனசேகர் எனக்கு ரிவால்வர் வாங்கிக் கொடுத்தது உண்மை. நான் அதைச் சுட்டதும் உண்மை. படித்துவிட்டு "டெக்சஸ் போனால் இப்படித்தான் ஆகிவிடுவார்கள்" என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அது எனக்குப் பெரிதில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு எரிந்தது துப்பாக்கியால் இல்லை, ஒரு ஆளால்.

அவன் பெயர் ரேண்டி. இவருடன் வேலை செய்கிறவன். பெரிய தொந்தி, செம்பட்டைத் தாடி, எந்நேரமும் தலையில் ஓரம் கிழிந்த ஒரே தொப்பி. கணவன் வேறு பெண்ணோடு பழகினால் பொறாமைப்படுகிற மனைவிகளைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். எனக்கு இந்தத் தொந்திக்காரன் மேல் பொறாமை. சோறு இறங்காத பொறாமை. சித்ராவிடம் ஒரு முறை சொன்னபோது, "ஐயோ வசந்தா, ஒரு ஆம்பளை மேல போயா?" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

2

ரேண்டி எங்கள் வீட்டுக்குள் முதலில் போன் வழியாகத்தான் வந்தான். நாங்கள் ஹூஸ்டன் பக்கம் வந்த புதிது. ஒரு முரட்டுக் குரல் "டான் இருக்கிறாரா?" என்று கேட்டது. இங்கே டான் யாரும் இல்லை, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்ப வந்தது. திரும்ப வைத்தேன். சாயங்காலம் இவர் வந்து, "ரேண்டி போன் பண்ணா ஏன் கட் பண்ற?" என்கிறார்.

"டான்னு யாரையோ கேட்டான். யாருங்க டான்?"

"நான்தான்."

"உங்களுக்குத் தனசேகர்னு பேர் வெச்சிருக்காங்க."

"அவங்க வாயில வரல வசந்தா. மீட்டிங்ல ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி கடிச்சுத் துப்பறான். ரேண்டிதான் டான்னு ஈஸியா வெச்சான்."

"அவன் யாரு உங்களுக்குப் பேர் வெக்க?"

இவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். இவர் வீட்டில் அப்படித்தான். ஒரு நாளைக்கு இவர் வாயிலிருந்து வருவதை ஒரு கையில் எண்ணிவிடலாம். சாப்பாடு ரெடியா. நித்யா ஹோம்வொர்க் பண்ணிட்டாளா. ஏசியை ஏன் இவ்வளவு கம்மியா வெச்சிருக்க. நித்யா எங்கள் மகள், அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் இதேதான், இங்கிலீஷில்.

அதே மனிதர் ரேண்டியிடமிருந்து போன் வந்தால் ஒயரை இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளேயிருந்து சிரிப்பு வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. நான் இந்தப் பக்கம் கையில் தோசைக்கரண்டியோடு நின்று கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் என்னிடம் இவர் அப்படிச் சிரித்ததில்லை. நான் ஒன்றும் சிரிக்க வைக்கத் தெரியாதவள் இல்லை. மாயவரத்தில் காலேஜில் என்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும்.

ஊரில் புருஷனுக்கு நண்பர்கள் இருந்தால் பெண்டாட்டிக்கு ஒன்றும் தோன்றாது. அவளுக்கும் அம்மா வீடு, அக்கம்பக்கம், கூடப் படித்தவர்கள், காய்கறிக்காரி என்று ஒரு உலகம் இருக்கும். இங்கே எனக்கு இருந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. கார் இல்லாமல் பேர்லேண்டில் தெருமுனைக்குப் போனாலும், பக்கத்து வீட்டுக்காரி காரை நிறுத்தி "ஏதாவது ஆபத்தா?" என்று கேட்பாள். வாரம் ஒரு தரம் கோயிலுக்குக் கூட்டிப்போவார். மற்றபடி எனக்கு இருந்த ஒரே ஆள் இவர். அந்த ஒரே ஆளிலும் ஒருவன் வந்து பங்கு கேட்டால்?

பங்கு என்ன பங்கு, சனிக்கிழமை முழுவதையும் எடுத்துக்கொண்டான். அவனுடைய சித்தப்பா மகனுக்குத் தெற்கே ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே மேடான ஒரு இடத்தில் மண் குவித்து, அதன் முன்னால் தகர டப்பாக்களை வைத்துச் சுடுவார்கள். அதுவும் இப்போதைய துப்பாக்கி இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே புதிதாகச் செய்து விற்கிற ரிவால்வர். தோட்டா கிடையாது. ஆறு அறைகளிலும் கருமருந்தை அளந்து கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை வைத்து அழுத்தி, அறையின் வாயில் கொழுப்பைத் தடவி, பின்பக்கம் துவாரத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு மூக்குகளிலும் கேப் என்ற சின்னச் செப்புக் குல்லாயைப் பொருத்த வேண்டும். விசையை அழுத்தினால் சுத்தி அடித்து, கேப் பொறி விட்டு, மூக்கின் துவாரம் வழியாக மருந்து பற்றிக்கொள்ளும். ஆறு வெடிக்காக அரை மணி நேரம் வேலை. இதற்குத்தான் சனிக்கிழமை காலை கிளம்பினால் இருட்டுவதற்குள் வந்தால் அதிர்ஷ்டம்.

வந்ததும் நேராக என் சமையலறை. வெந்நீர், சோப்பு. கருமருந்துக் கரி நின்றால் இரும்பை அரித்துவிடுமாம், அதனால் உடனே கழுவ வேண்டுமாம். அரிசி கழுவுகிற தொட்டியில் துப்பாக்கியைப் போட்டுத் தேய்ப்பார். குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி துடைத்து எண்ணெய் போடுவார். தான் குடித்த காப்பி டம்ளரை இன்றுவரைக்கும் கழுவாத மனிதர். அழுகின முட்டை நாற்றம் வீடு முழுக்க அடிக்கும். இவர் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டு நிற்பார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பார்.

சில சனிக்கிழமைகளில் நித்யாவும் போவாள். திரும்பி வந்தவளைக் கேட்டால் அவளும், "நத்திங் அம்மா." அப்பனும் மகளும் ஒரு கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவர் ரேண்டி.

3

பன்னிரண்டாவது கல்யாண நாள் வந்தது. அதற்கு முன் சித்ராவுக்குப் பத்தாவது கல்யாண நாளுக்கு அவள் கணவர் வைரத்தோடு வாங்கிக் கொடுத்திருந்தார். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது ஒரு வேலையும் இல்லாமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாள். நானும் மனுஷிதானே. வீட்டுக்கு வந்து, "சித்ரா தோடு நல்லா இருக்குல்ல?" என்று இவரிடம் கேட்டேன். "ம்" என்றார். அந்த ம்-மை நான் நம்பினேன்.

கல்யாண நாளன்று வாசலில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல கனம். தோடு இவ்வளவு கனக்காதே, வெள்ளிக் குத்துவிளக்காக இருக்குமோ என்று நினைத்தேன். இவர் அலுவலகத்திலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, பெட்டியை என் கையில் கொடுத்தார். "ஹேப்பி ஆனிவர்சரி. உனக்குத்தான். திற."

திறந்தேன். உள்ளே மரப்பெட்டி. அதற்குள் பச்சை வெல்வெட்டில் ரிவால்வர். பித்தளையும் கறுப்பு இரும்பும், மரப்பிடியும்.

"இது உங்களோடது."

"இல்ல, என்னோடது அலமாரியில இருக்கு. இது உன்னோடது. உன் கைக்குச் சின்னதா பார்த்து வாங்கினேன்."

"நான் எப்பங்க துப்பாக்கி கேட்டேன்?"

"சனிக்கிழமை தனியா இருக்கேன் தனியா இருக்கேன்னு சொல்றல்ல. நீயும் வாயேன்."

"பன்னெண்டு வருஷம் குப்பை கொட்டினதுக்குத் துப்பாக்கி."

"வசந்தா, ஒரு தடவை வந்து பாரு."

"யாரு செலக்ட் பண்ணது?"

அங்கேதான் தயங்கினார். "ரேண்டி கேட்டலாக்ல காட்டினான்."

மரப்பெட்டியை மூடி மேஜை மேல் வைத்தேன். சமையலறைக்குப் போய் வடைக்கு ஊறவைத்திருந்த பருப்பை வாரிக் குப்பையில் கொட்டினேன். என் கல்யாண நாள் பரிசை அவன் புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டியிருக்கிறான். என் கை எவ்வளவு பெரியது என்று அவர்கள் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு எரிச்சலும் உண்டு. கிரீன் கார்டுக்காக நாங்கள் அப்போது வருடக்கணக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எடுத்த போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகை மங்கிவிட்டதாம், மறுபடியும் ஹூஸ்டனுக்கு வந்து மை வைக்கச் சொன்னார்கள். நான் என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரைப் போட்டேனா, பின்னால் புருஷன் பெயரைப் போட்டேனா என்று கேள்வி மேல் கேள்வி. ஒரு மனுஷி ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டு கிடக்க இவ்வளவு விசாரணை. இந்த ரிவால்வருக்கு ஒரு கேள்வி கிடையாது. பழைய காலத்து மாதிரி என்பதால் சட்டப்படி இது துப்பாக்கியே இல்லையாம். செருப்பு வாங்குவது போல் தபாலில் வாங்கிக்கொள்ளலாமாம். அதற்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

பெட்டியை அலமாரியில் மேல் தட்டில் வைத்துப் பூட்டினார்.  

4

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. அமெரிக்காவில் ஆயுத பூஜை எப்படி என்று ஊரில் கேட்கிறார்கள். அங்கே மாதிரிதான். இவருடைய டூல் பாக்ஸ், கார் சாவி, கம்ப்யூட்டர் கீபோர்டு, நித்யாவின் புத்தகங்கள், அவளுடைய வயலின், என் மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றையும் துடைத்து சாமி அறையில் பரப்புவோம். அந்த வருடம் இவர் இரண்டு ரிவால்வரையும் கொண்டுவந்து வைத்தார். என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.  பூஜைக்கு வந்த பொருளை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. எதையும் அரைகுறையாக எனக்குச் செய்யத் தெரியாது. இவருடைய துப்பாக்கிக்குப் பிடியில் ஒரு பொட்டு. என்னுடையதுக்கு நன்றாக வைத்தேன். கோபம் இருந்தாலும் என் பெயரில் வந்தது அது ஒன்றுதானே. சந்தனத்தைக் குழைவாகக் கரைத்து, பிடியில், குழாயில், சுற்றி இருந்த ஆறு மூக்குகளிலும் ஒவ்வொன்றாக வைத்தேன். ஆறு மூக்கும் அழகாக வட்டமாக நின்றன. முருகனுக்கு வைப்பது போல் வைத்தேன்.

சுவரில் மாமனார் படம். நான் அவரைப் பார்த்ததில்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மார்பு வரைக்கும் எடுத்த படம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊரில் கோயில் கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். அந்த ஊருக்கு நான் போனதே ஒரு முறைதான், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு மதியமே திரும்பிவிட்டோம். மாமியார் அப்போதே சென்னையில் நாத்தனார் வீட்டில் இருந்தார். படத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு நித்யாவிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"தாத்தாவைக் கும்பிட்டுக்கோ. கணக்குப்பிள்ளை கையெழுத்து முத்து முத்தா இருக்கும். உனக்கு அவர் கையெழுத்துதான் வந்திருக்கு."

நித்யா, "ஓகே அம்மா," என்று கும்பிட்டாள். அப்பனைப் பார்க்கவில்லை. அப்பனும் அவளைப் பார்க்கவில்லை.

விஜயதசமி முடிந்த சனிக்கிழமை காலை நானே சொன்னேன்: "இன்னிக்கு நானும் வரேன்." இவர் காப்பியைப் பாதியில் கீழே வைத்தார். சந்தோஷமா பயமா தெரியவில்லை. நான் சுடப் போகவில்லை, அப்படி என்ன அங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனேன். வீட்டில் கிடைக்காத புருஷன் அங்கே எப்படி இருக்கிறான் என்று பார்க்கப் போனேன்.

5

மாட்டுப் பண்ணையில் மாடுகளும் வெயிலும் ஒரு மர மேஜையும் இருந்தன. ரேண்டி தொப்பியைக் கழற்றினான். அன்றுதான் அவன் வழுக்கையைப் பார்த்தேன். "மேம், கடைசியில் வந்துட்டீங்க. டான் உங்களைப் பத்திப் பேசாத நாள் இல்லை," என்றான். அவன் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். என்னைப் பற்றி அவனிடம் பேசியிருக்கிறார். என்னிடம் பேச ஆளில்லாமல் அங்கே போய் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இவர் என் ரிவால்வரில் மருந்து போட்டார். கை அவ்வளவு பழகியிருந்தது. மருந்து, குண்டு, கொழுப்பு, கேப். மருந்து போடும் முன் வெறும் கேப்பை வெடித்து மூக்குத் துவாரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். என் முகத்தைப் பார்த்த பதற்றத்தில் அன்று அதை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்தார்கள். மண் மேட்டைப் பார்த்து அழுத்தினேன்.

பட்.

பொட்டுவெடி சத்தம். அவ்வளவுதான். ரேண்டி, "அப்படியே பிடிங்க, அசைக்காதீங்க," என்று கத்தினான். தாமதித்து வெடித்தாலும் வெடிக்குமாம், சற்று நேரம் அப்படியே நின்றோம். அடுத்தது. பட். அடுத்தது. பட். ஆறும் பட் பட்டென்று அடித்து ஓய்ந்தன. ஒரு குண்டும் போகவில்லை.

"நல்ல பரிசு," என்றேன் இவரிடம். "இதுக்கு வைரத்தோடே வெடிச்சிருக்கும்."

ரேண்டி அதை வாங்கி, மூக்குகளைத் திருகிக் கழற்றி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். துவாரங்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. ஊசியால் குத்தினான். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தான்.

இவருக்குப் புரிந்துவிட்டது. "பூஜை," என்றார். "என் வைஃப் பூஜைக்குச் சந்தனம் வெச்சிருக்கா. ஆறுக்கும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வந்தது பாருங்கள் அந்தச் சிரிப்பு. கராஜ் கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்ட அதே சிரிப்பு. இவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். நித்யாவும் சிரித்தாள். எனக்கே உதடு கொஞ்சம் இளகியது. அப்போது ரேண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"டான், உங்க அப்பா கோயில் வெடிக்கு வைப்பாருன்னு சொன்னியே, அந்த மஞ்சள் பேஸ்ட்தானே? மூணு விரல் இல்லாத கையாலயும் துவாரத்துல படாம வைப்பார்னு சொன்னியே. மேம், நீங்க உங்க மாமனார்கிட்டப் பாடம் கேட்டிருக்கணும்!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாருடைய அப்பா, என்ன விரல் என்று இவரைப் பார்த்தேன். இவர் சிரிப்பு நின்றுவிட்டது. மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நித்யா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது விளங்கியது. என் மாமனார் கணக்கு எழுதியவர் இல்லை. கோயிலில் வேட்டுப் போட்டவர். இரும்புக் குழாயில் கருமருந்தை இடித்து நிரப்பித் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போடுகிறவர். கையில் விரல் போனவர். அது மாட்டுப் பண்ணையில் நிற்கும் இந்தத் தொந்திக்காரனுக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்த பெண்ணுக்குத் தெரியும். வருடா வருடம் அந்தப் படத்துக்குப் பொட்டு வைத்துக் கையெழுத்துப் பெருமை பேசிய எனக்கு மட்டும் தெரியாது.

ரேண்டிக்கு என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். தாடிக்கு மேலே கன்னமெல்லாம் சிவந்துவிட்டது. "மேம், நான் வந்து... உங்களுக்குத் தெரியும்னு..."

"ஐ நோ," என்றேன். "ஐ நோ எவ்ரிதிங்." பல்லைக் காட்டிச் சிரித்தேன். வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை.

அவன் துவாரங்களைச் சுத்தம் செய்து, துளி மருந்து வைத்து, புது கேப் பொருத்திக் கொடுத்தான். வாங்கினேன். குறி பார்க்கவில்லை. ஆறையும் சுட்டேன். கை மேலே தூக்கியது, வெள்ளைப் புகை முகத்தை மூடியது, மாடுகள் ஓடின. புகை போனதும் பார்த்தால் ஒரு டப்பா மட்டும் விழுந்து கிடந்தது. "நைஸ் ஷாட், மேம்," என்றான் ரேண்டி மெதுவாக. அவன் நல்லவன்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

6

கார் 288 நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆரம்பித்தேன். நித்யா பின் சீட்டில் காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை வருஷமா தெரியும் அவனுக்கு?"

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம் வசந்தா."

"வீட்டுல நீங்க பேசி நான் பார்த்ததே இல்ல. இங்கயே சொல்லுங்க."

 ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெண் பார்க்க வந்தபோது இவருடைய மாமா, "அப்பாவுக்குக் கோயில் உத்தியோகம்" என்றாராம். ஹெட்மாஸ்டரான என் அப்பா உடனே, "கணக்கா?" என்று கேட்டாராம்.

"உங்கப்பாவே கேட்டு உங்கப்பாவே பதிலையும் சொல்லிட்டாரு. மாமா தலையை ஆட்டினாரு. நான் பக்கத்துல உக்காந்து மிக்சர் சாப்ட்டுட்டு இருந்தேன்."

"பன்னெண்டு வருஷமாவா மிக்சர் சாப்ட்டீங்க?"

"அப்புறம் எப்படிச் சொல்றது? நீ படத்தைப் பார்த்துக் கையெழுத்து கையெழுத்துன்ன."

பின்னாலிருந்து நித்யா பேசினாள். காதில் பாட்டே ஓடவில்லை போலிருக்கிறது. "அம்மா, யூ வேர் ஸோ ஹேப்பி அபவுட் த ஹேண்ட்ரைட்டிங்." நான் சந்தோஷமாக இருக்கிறேனே என்று விட்டுவைத்தாளாம். ஒன்பது வயதுப் பெண் என் மேல் பரிதாபப்பட்டிருக்கிறாள்.

"எனக்கு அவர் வேட்டுப் போட்டாரா கணக்கு எழுதினாரான்னு இல்ல," என்றேன். உண்மையில் எனக்கு அதில் ஒன்றும் இல்லை. என் அப்பாவுக்கு இருந்திருக்கும். "ரேண்டிக்குச் சொன்னீங்கல்ல? அவன் என்ன கேட்டான், நான் என்ன கேக்காம விட்டேன்?"

"அவன் ஒண்ணும் கேக்கல. முதல் நாள் போனப்ப அவன் மருந்து டப்பாவைத் திறந்தான். அந்த வாசனை. வாய் தானா சொல்லிடுச்சு. இங்கிலீஷ்ல சொல்றப்போ அது யாரோட அப்பாவோ மாதிரி இருந்துச்சு. ஈஸியா இருந்துச்சு. தமிழ்ல 'எங்கப்பா'ன்னு ஆரம்பிச்சாலே உங்கப்பா முகம்தான் முன்னால வருது."

"எங்கப்பா செத்து நாலு வருஷம் ஆச்சு."

"தெரியும். அப்பவும் வருது."

ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. இவர் வேகத்தைக் குறைத்தார்.

"அதான் உனக்கு வாங்கினேன். நீ அங்க வந்து, அந்த வாசனை வந்தா, உன்கிட்டயும் வாய் தானா சொல்லிடும்னு நெனச்சேன். நீ பெட்டியை மூடி வெச்சுட்ட."

தோடு கேட்டவளுக்கு இவர் தரப் பார்த்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்ததும் மனம் இளகியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"பொண்டாட்டிகிட்டப் பேச அங்க வரைக்கும் போகணும். அதுக்கும் ரேண்டி பக்கத்துல நிக்கணும். மிச்சம் மீதி இருக்கறதை எனக்குக் குடுக்கப் பார்த்தீங்க. அவன் கேட்டு முடிச்ச கதை, இவ கேட்டு முடிச்ச கதை, கடைசியா எனக்கு. எனக்கு வேண்டாம்."

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"அவன்கிட்டச் சொல்லாத ஒண்ணு சொல்லுங்க. எங்கப்பாவைப் பத்தி இல்ல, உங்கப்பாவைப் பத்தி. ரேண்டிக்குத் தெரியாத ஒண்ணு. தமிழ்ல."

 நாங்கள் இறங்க வேண்டிய எக்சிட் வந்தது. இறங்கவில்லை. நான் சுட்டிக்காட்டவும் இல்லை. அடுத்த எக்சிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தினார். நித்யாவிடம் காசு கொடுத்து, உனக்கு வேண்டியதை வாங்கிக்கொள், மெதுவாக வா என்றார். அவள் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்ஜினை அணைத்தார். ஏசி நின்றது. கார் உடனே கொதிக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டு முறை "எங்கப்பா" என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவரைப் பார்க்காமல் நான் முன்னால் பார்த்துக்கொண்டேன். அப்படி இருந்தால் அவருக்குச் சுலபம் என்று தோன்றியது. மூன்றாவது முறை நிற்கவில்லை. இங்கிலீஷ் ஒரு வார்த்தை கலக்கவில்லை. இவர் ஊர்ப் பேச்சு, என்னோடு இருந்த இத்தனை வருடத்தில் நான் கேட்டே இராத பேச்சு, அப்படியே வந்தது. சொல்லி முடித்துவிட்டு என் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதில் கரி ஒட்டியது. கழுவினாலும் முழுதாகப் போகவில்லை.

அவர் சொன்னது இன்றுவரை ரேண்டிக்குத் தெரியாது. நித்யாவுக்குத் தெரியாது. தங்கைக்கும் சொல்லவில்லை, சித்ராவுக்குச் சத்தியமாகச் சொல்லவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு அதை மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் சரி. அவர் அதை என் ஒருத்தியிடம் சொன்னார். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.